பெற்றோர் வீடு: அவர்கள் இருக்கும்போதே முடிக்க வேண்டிய காரியங்கள்

பெற்றோரின் வீடு பிள்ளைகளுக்கு எப்படியும் வந்துசேரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். வந்துசேரும், உண்மைதான். ஆனால் யார் பெயரில், எந்தக் கடனோடு, எத்தனை பேர் கையெழுத்தோடு வரும் என்பதைப் பெரியவர்கள் எழுதி வைக்காவிட்டால் சட்டம் முடிவு செய்யும். கடைசிக் காலத்தில் அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள், கடன் தவணையை யார் கட்டினார்கள் என்பதையெல்லாம் வாரிசுச் சட்டம் கேட்பதில்லை. உறவு முறையைப் பார்த்துப் பங்கு போட்டுவிடும், அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவிநாசிபாளையத்தில் 8 சென்ட் இடம். முன்னால் வீடு, பின்னால் ஒரு ஷெட். ஷெட்டில் பவர் டேபிள் போட்டு, திருப்பூர் கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறார் மூத்த மகன். பக்கவாட்டில் நான்கு லைன் வீடுகள். வெளியூர்த் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இடம் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. மகள் காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார், இளைய மகன் கோவையில் வேலை பார்க்கிறார். இந்த ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருக்கும் வீடு, ஒரு தொழில், வாடகை வருமானம், அநேகமாக ஒரு வங்கிக் கடன் என நான்கு கணக்குகள் இருக்கின்றன. பனியன் தொழிலும் தறியும் உள்ள நம் பகுதியில் பெற்றோர் வீடு என்பது பெரும்பாலும் இப்படித்தான்.

1. பேச்சைத் தொடங்குவது எப்படி

"சொத்தை எப்படிப் பிரிக்கப் போறீங்க" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பெரியவர்களுக்கு அது தங்கள் சாவைப் பற்றிய பேச்சாகவே கேட்கும். ஆவணத்தில் தொடங்குங்கள். "ஏனுங்கப்பா, வீட்டுப் பத்திரமெல்லாம் எங்கிருக்குதுங்க? ஒருக்கா எடுத்துப் பார்த்துக்கலாமுங்களா?" என்று கேட்டால் யாருக்கும் மனம் நோகாது. "அதெதுக்கு கண்ணு இப்ப?" என்று அம்மா கேட்டால், பட்டாவில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதானே.

இந்தப் பேச்சில் இரண்டு விதிகள். ஒன்று, வாரிசுகள் எல்லோரும் இருக்க வேண்டும். மகளை விட்டுவிட்டு ஆண்பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து பேசுகிற பேச்சே பின்னாளில் வழக்காக வளர்கிறது. அண்ணன் தம்பி கல்யாணத்தில் இணைச்சீருக்கு உடன்பிறந்தவளைக் கூப்பிடாமல் இருப்போமா? வீட்டுப் பேச்சுக்கும் அவளைக் கூப்பிட்டாக வேண்டும். இரண்டு, முதல் கேள்வி பெற்றோரின் பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கட்டும். அப்பா இல்லாத காலத்தில் அம்மா எங்கே இருப்பார், எந்த வருமானத்தில் சாப்பிடுவார், வைத்தியச் செலவு யாருடையது? இதற்குப் பதில் கிடைத்த பிறகே பங்குப் பேச்சுக்குப் போகலாம்.

2. வீடு யார் பெயரில் இருக்கிறது?

வெளிப்படையான கேள்விதான், ஆனாலும் பல வீடுகளில் பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா இன்னொருவர் பெயரிலும், மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலும் இருக்கும். கீழே உள்ளவற்றை ஒரே கோப்பில் சேருங்கள்.

கிரயப் பத்திரமும், அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களும். காணாமல் போயிருந்தால் பெற்றோர் இருக்கும்போதே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சான்று வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்து வையுங்கள்.

வில்லங்கச் சான்று. பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பத்திரம் எழுதிய நாள்முதல் இன்றுவரை எடுங்கள். பதிவு செய்த அடமானம், ஒப்பந்தம், யாருக்கோ எழுதிக் கொடுத்த பாதை உரிமை எல்லாம் இதில் தெரியும்.

பட்டா, சிட்டா, புலப்படம். 1980களில் நடந்த, யுடிஆர் எனப்படும் நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணியில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிய இடங்கள் நிறைய உண்டு. ஊருக்குள் இருக்கும் வீடு நத்தத்தில் இருந்தால் நத்தம் பட்டா இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். தவறு இருந்தால் உரிமையாளரே நேரில் மனுக் கொடுக்கும்போது வேலை சுலபம். அவர் போன பிறகு அதே மனுவில் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடிநீர் இணைப்பு ரசீது, கட்டட அனுமதி. லைன் வீட்டுக்காரர்களிடம் வாங்கிய அட்வான்ஸ் தொகைகளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு நாளை வாரிசுகளுடையது.

இந்த ஊரில் இதற்கு இன்னொரு அவசரமும் இருக்கிறது. அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக அவிநாசிபாளையம் வரும் 381ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், பல்லடம், பொங்கலூர், காங்கேயம் வழியாகப் போகும் கோவை–திருச்சி நெடுஞ்சாலையும் இங்கேதான் சேர்கின்றன. சாலையோர இடத்தைக் கையகப்படுத்தும்போது இழப்பீடு யாருக்கு என்று அதிகாரிகள் ஆவணத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள். பங்கில் தகராறு இருந்தால், தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன்படி அது சிவில் நீதிமன்றத்துக்குப் போகும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவால் பணம் வருடக்கணக்கில் முடங்கும்.

3. எதுவும் எழுதாமல் போனால்

இந்துக் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோர் இதில் வருவார்கள். முன்பே இறந்துபோன மகனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், இறந்துபோன மகளின் பிள்ளைகளுக்கும் அந்தக் கிளையின் பங்கு உண்டு. தந்தை முதல் வகுப்பில் இல்லை. நம் மாதிரிக் குடும்பத்தில் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. அப்பாவின் தாயார், அதாவது பாட்டி, உயிரோடு இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

வீடு அம்மா பெயரில் இருந்தால் கணக்கு வேறு. 15ஆம் பிரிவின்படி கணவர், மகன்கள், மகள்கள் சமமாகப் பெறுவார்கள். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாத பெண் என்றால், பிறந்த வீட்டிலிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து அவருடைய தந்தையின் வாரிசுகளுக்கும், கணவர் அல்லது மாமனாரிடமிருந்து வந்தது கணவரின் வாரிசுகளுக்கும் போகும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதவும் முடியாது. ஆகவே முதலில் உங்கள் குடும்பத்துக்கு எந்தச் சட்டம் என்று தெளிவாகுங்கள்.

4. மகளின் பங்கு

"சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இனி வீட்டுல என்ன பங்கு?" என்ற பேச்சை நம் பகுதியில் இன்றும் கேட்கலாம். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. கல்யாணச் செலவு பங்குக்கு ஈடாகாது. மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், அவரே முன்வந்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். பங்கு விவரம் எழுதும் கூர்ச்சீட்டில் வாங்கிய கையெழுத்தோ, பெரியவர்கள் முன்னால் சொன்ன வாய்வார்த்தையோ அந்தப் பங்கை மாற்றாது. அப்பா உயிரோடு இருக்கும்போது, அவருடைய சுயசம்பாத்தியத்தில் இன்னும் வராத பங்குக்கு முன்கூட்டியே விடுதலை எழுதி வாங்குவதும் நிற்காது.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் வரும் உரிமையைத் தமிழ்நாடு முன்னதாகவே தந்தது. 1989 மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்கு அது கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் முன்பு இருந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்றது 23ஆம் பிரிவு. 2005 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றிலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போன அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கைப் பாருங்கள். 1938-இல் ஏலத்தில் ஒருவர் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய நிலம் அது. அவர் 1949-இல் இறந்தார். அவருக்கு ஒரே மகள். அந்த மகளும் 1967-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். நிலம் மகளுக்குச் சேர்ந்ததா, தந்தையின் சகோதரர் வழிக்கு நேராகப் போனதா என்பது கேள்வி. விசாரணை நீதிமன்றம் 1994-இலும் உயர் நீதிமன்றம் 2009-இலும் மகளுக்கு உரிமையில்லை என்றே தீர்ப்பளித்தன. 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 1956 சட்டத்துக்கு முன்பேகூடத் தந்தையின் சுயசம்பாத்தியம் மகளுக்கே சேரும் என்றது. நிலம் வாங்கி 84 ஆண்டுகள் கழித்து வந்த விடை இது. உரிமை உள்ளவளை அந்தக் காலத்திலேயே கணக்கில் சேர்த்திருந்தால் இரண்டு தலைமுறை நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டியதில்லை.

5. உயிலா, செட்டில்மெண்டா?

உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். முத்திரைத் தீர்வை இல்லை. பதிவு செய்வது கட்டாயமில்லை, என்றாலும் செய்துவிடுங்கள். பின்னால் "இது அவர் கையெழுத்தே இல்லை" என்று சொல்வது கடினமாகும். எழுதியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த, அல்லது தன் கையெழுத்துதான் என்று அவரே சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகள், அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது நாளை நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கலாம். ஆகவே அப்பாவைவிட வயதில் இளையவர்களாக, உயிலில் பங்கு பெறாதவர்களாகப் பாருங்கள். வயது கூடியவர் என்றால் அன்றைய தேதியில் மருத்துவர் சான்று ஒன்றை இணையுங்கள். படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிய பதிவுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு வழி செய்கிறது. உயிலை உறையிலிட்டு, முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் முடியும். திருப்பூர்ப் பகுதி வீட்டுக்குத் திருப்பூரில் எழுதிய உயிலுக்கு நீதிமன்ற மெய்ப்புச் சான்று, அதாவது புரொபேட், கட்டாயமில்லை.

செட்டில்மெண்ட் பதிந்த அன்றே உரிமை கைமாறும். எழுதிக் கொடுத்தவர் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. 2023 ஜூலை 10 முதல் தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். வழிகாட்டி மதிப்புப்படி 40 லட்சம் பெறும் வீட்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய். அதையே கிரயமாக எழுதினால் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 3,60,000 ரூபாய் ஆகும். பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோருக்கே இந்தச் சலுகை. மருமகனும் மருமகளும் இந்தப் பட்டியலில் இல்லை.

செலவு குறைவு என்பதற்காகப் பெற்றோர் அவசரப்பட்டு செட்டில்மெண்ட் எழுதிவிடக் கூடாது. எழுதுவதென்றால் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, அப்பா, அம்மா இருவருக்கும் ஆயுட்காலம்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் லைன் வீட்டு வாடகையை அனுபவிக்கவும் உரிமை. மற்றொன்று, எழுதிப் பெறுபவர் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருந்தால், அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று நிரூபிக்கப் பெரியவர்கள் அலைய வேண்டாம்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: வீட்டுக்குப் பதிவு செய்த உயில், அதில் முதலில் அம்மாவுக்கு ஆயுட்கால உரிமை, அவருக்குப் பின் பிள்ளைகளுக்குப் பங்கு. வயதான காலத்தில் கைவசம் இருக்கும் ஒரே பலத்தைப் பெற்றோர் முன்கூட்டியே கைமாற்ற வேண்டியதில்லை. பவர் பத்திரம் உயிலுக்கு மாற்றாகாது. எழுதிக் கொடுத்தவர் இறந்ததும் சாதாரணப் பவர் முடிந்துவிடும்.

6. ஷெட்டும் கடனும்

நம் மாதிரிக் குடும்பத்தில் சிக்கல் வருகிற இடம் பின்னால் இருக்கும் ஷெட். இடம் அப்பாவுடையது, மெஷின்கள் மகனுடையவை, ஷெட்டைக் கட்டிய பணம் இருவருடையது. இதை எழுதி வைக்காவிட்டால் நாலில் ஒரு பங்கு கேட்கும் தங்கை ஷெட்டிலும் பங்கு கேட்பார், கேட்பதும் நியாயம்தான். மெஷின்களுக்கான பில்களை மகன் பெயரில் வைத்திருங்கள். ஷெட் இருக்கும் இடத்தை மூத்தவருக்கு, முன் வீட்டை மற்றவர்களுக்கு என்று உயிலிலேயே அளவோடும் நான்கு எல்லையோடும் பிரித்து எழுதலாம். ஒரு பக்கம் மதிப்பு கூடினால், மற்றவர்களுக்குத் தர வேண்டிய தொகையையும் கெடுவையும் எழுதுங்கள். இரண்டு பாகத்துக்கும் போய்வரப் பாதை எது, போர் தண்ணீர் யாருக்கு என்பதும் விட்டுப்போகக் கூடாது.

தொழிலுக்காக மகன் வாங்கிய கடனுக்கு அப்பாவின் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தால், வீடு அந்தக் கடனோடுதான் எல்லா வாரிசுகளுக்கும் வரும். அந்தக் கடன் யார் பொறுப்பு என்று உயிலில் ஒரு வரி சேருங்கள்; தங்கையின் பங்கு அண்ணனின் கடனுக்குப் போனால், அதை அண்ணனிடம் திருப்பிக் கேட்க அது உதவும். கடனை முழுதும் கட்டி முடித்தால் மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்கியவர் இறந்தால் வாரிசுகளிடம் பத்திரத்தை ஒப்படைக்கும் முறையும் வங்கியிடம் இருக்க வேண்டும் என்கிறது அதே விதி.

தறி ஓட்டும் வீடுகள் மின் இணைப்பையும் கவனியுங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்வரை கிடைக்கும் இலவச மின்சாரம் அந்த இணைப்போடு சேர்ந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துச் சரி செய்யுங்கள்.

7. காலத்துக்குப் பின் செய்ய வேண்டியவை, வரிசையாக

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். இறப்புச் சான்றில் பெயரின் எழுத்து, பத்திரத்திலும் ஆதாரிலும் உள்ளபடி இருக்க வேண்டும். "ரா"வுக்கும் "இரா"வுக்கும் உள்ள வித்தியாசமே பட்டா மாறுதலில் மாதக்கணக்கில் இழுக்கும்.

இ-சேவை மையம் மூலம் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். எந்த மகளின் பெயரையும் விடக் கூடாது. இந்தச் சான்று உறவை மட்டுமே சொல்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சட்டமோ உயிலோதான் சொல்லும்.

பிறகு பட்டா மாறுதல். உயில் இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் முதலில் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா, அதன் பின் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்து தனித்தனிப் பட்டா. பட்டாவைத் தொடர்ந்து வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு.

வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. அதில் மற்ற வாரிசுகளுக்கும் பங்கு உண்டு.

வாரிசாக வீடு வந்ததற்கு இந்தியாவில் வரி இல்லை. எஸ்டேட் வரி 1985-இலேயே நீக்கப்பட்டது. பின்னால் விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. அதற்கு அப்பா வாங்கிய விலையே அடிப்படை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் அந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய கிரயப் பத்திரத்தையும், வீடு கட்டிய செலவு ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

தொடங்க வேண்டிய நாள்

தை நோம்பிக்கோ ஊர் மாரியம்மன் பொங்கலுக்கோ பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். அன்று சாப்பாடு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பாவும் அம்மாவும் பேசட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். சொன்னதை ஒருவர் நோட்டில் எழுதட்டும். அடுத்த வாரம் வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்துத் தவறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்து ஒரு வழக்கறிஞரிடம் உயில் வாசகத்தைக் காட்டிச் சரிபார்த்து, பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். பேச்சு, ஆவணம், உயில் ஆகிய மூன்றும் முடிந்த வீட்டில், பெரியவர்கள் காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு மிஞ்சும் வேலை பெயர் மாற்றம் மட்டும்தான்.